மூன்றாவது முடிச்சு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து எங்கள் அருங்காட்சியகத்துக்கு இரவலாக வந்திருந்த மரச்சிலைக்கும் எனக்கும் கண்காட்சியின் கடைசி வாரத்தில் திருமணம் ஆகிவிட்டது.

அவள் முக்கால் ஆள் உயரம். இக்காலச் சிற்பி ஒருவர் கருமரத்தில் செதுக்கியது. இரு கைகளும் வயிற்றின்மேல் படிந்திருக்கும். கழுத்தில் மட்டும் பழங்காலத்து மணியாரம். சிவப்பு, வெள்ளை, கறுப்புக் கண்ணாடி மணிகள். அதன் நூல் இற்று அறுந்தது. பழுதுபார்ப்பது என் வேலை. மெழுகுநூல் கேட்டேன், அலுவலகம் மஞ்சள் கயிறு வாங்கித் தந்தது. மணிகளைப் பழைய வரிசை மாறாமல் கோத்து அவள் கழுத்தில் கட்டினேன். இரண்டு முடிச்சோடு நிறுத்தியிருக்கலாம். அவிழ்ந்துவிடக் கூடாதே என்று மூன்றாவதையும் போட்டேன். கட்டியவள் நான் என்பதால் நான் கணவர்.

அதில் எனக்குக் குறையில்லை. எனக்குத் தெரிந்த கணவர்கள் பலரைவிட நான் கண்ணியமாகவே நடந்துகொண்டேன். சிக்கல், சிலையைத் திருப்பி அனுப்பும் நாளில் வந்தது.

வந்தது வந்தபடியே திரும்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே மஞ்சள் கயிற்றை அறுக்க வேண்டும். அதை அறுத்தால் கணவர் இறந்துபோவார்.

"மங்கை, நீ படிச்ச பொண்ணு," என்றார் இயக்குநர் ஞானதிரவியம். "கயிறு இருந்தா எனக்கு மெமோ வரும். அறுத்தா உனக்கு மாலை வரும். எது செலவு கம்மி, நீயே சொல்லு."

"மாலைக்கு நானே காசு தர்றேன் சார். நீங்க மெமோவை வாங்கிக்குங்க."

"இந்த வாய்க்குத்தான் உனக்கு மரத்துல சம்பந்தம் அமைஞ்சிருக்கு."

சிலையை அழைத்துப்போக டர்பனிலிருந்து நொம்புசோ வந்திருந்தார். மணி கோக்கும் கலைஞர். நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.

"என் பக்கத்து வீட்டுக்காரர்கள் தமிழர்கள். அறுத்தால் என்ன ஆகும் என்று தெரியும்," என்றார். "உடனே விழுவீர்களா?"

"தெரியாது. இதற்குமுன் இறந்ததில்லை."

"விழுந்தால் மணிகள்மேல் விழாதீர்கள்."

நான் ஓர் அடி தள்ளி நின்றேன்.

நொம்புசோவின் கத்தரி கயிற்றைத் தொட்டபோது என் பிடரி குளிர்ந்தது. கயிறு மூன்று புரி. முதல் புரி அறுந்தது; என் இடக்கண் இருண்டது. இரண்டாவது அறுந்தது, முழங்கால்கள் என்னுடையவையாக இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நொம்புசோ உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசிப் புரியின்மேல் கத்தரியை வைத்து அழுத்தினார். எனக்கு மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை.

கத்தரி மரத்தில் முட்டியது.

சிலையின் வலக்கை வயிற்றைவிட்டுக் கழுத்துக்கு வந்திருந்தது. கயிற்றைப் பொத்திப் பிடித்திருந்தது. நொம்புசோ ஒரு விரலை நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

"கையை எறக்கச் சொல்லும்மா," என்றார் இயக்குநர். "வீட்டுக்காரர்தானே நீ?"

வெளியே வர மறுத்த மூச்சு இப்போது வந்தது. "சொன்னாக் கேக்கிறவளைக் கட்டியிருந்தா நான் இந்நேரம் பிணம் சார்."

நொம்புசோ கத்தரியை மேசைமேல் வைத்தார். தன் பையிலிருந்து வெள்ளை நூலை எடுத்து அறுந்த புரிகளைச் சேர்த்துக் கட்டினார். முழங்கால்கள் திரும்பி வந்தன. பிறகு கண் வந்தது. அதற்கு முதலில் தெரிந்தது இயக்குநரின் முகம்; கண் இன்னும் மெதுவாகவே வந்திருக்கலாம்.

சிலையைப் பெட்டியில் இறக்கினோம். உயர்த்திய முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூடி பொருந்தவில்லை.

"பெரிய பெட்டி செய்ய வேண்டும்," என்றார் நொம்புசோ. "முடிவதற்குத் தீபாவளி ஆகிவிடும்." சற்று யோசித்தார். "முதல் தீபாவளியைப் பெண்வீட்டில்தானே கொண்டாடுவீர்கள்?"

"மாப்பிள்ளையோட," என்றார் இயக்குநர், தமிழில். நான் மொழிபெயர்த்தேன்.

நொம்புசோ அளவு நாடாவை எடுத்து என் உச்சந்தலையில் ஒரு முனையை வைத்தார். தோள் அகலத்தையும் எடுத்தார். நுரைத்தாளுக்கு இரு பக்கமும் நான்கு விரற்கடை விட்டார்.

"நின்றபடியா, படுத்தபடியா?"

"ஜன்னல் ஓரமாக," என்றேன்.

அவர் பெட்டிக்கான பலகையில் என் கண் உயரத்தில் பென்சிலால் ஒரு சதுரம் வரைந்துகொண்டார்.