கருப்பனுக்குக் கட்டிய பேனர்

என் வீட்டுக்காரர் மணிக்கு இரண்டு பிழைப்பு. செய்யூர் வட்டாரத்துக்கு நிருபர். என் ஃபிளெக்ஸ் கடைக்குக் கவிஞர். ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனரில் வரும் நாலு வரி அவருடையதுதான். சும்மா இருக்காமல் செய்தியிலும் கவிதையைக் கலப்பார். ஆபீசில் வெட்டுவார்கள். "செய்தியில இன்னாத்துக்குய்யா கவிதை?" என்று நான் கேட்டால், "நடந்ததுலயே கவிதை கீது ஜெயா, நான் இன்னா பண்றது?" என்பார். திருந்தாத ஜென்மம்.

எங்கள் ஊர் விவசாயி கருப்பன் ஈ.சி.ஆர். சாலையில் அடிபட்டு இறந்த அன்றும் செய்தி, கவிதை இரண்டையும் செல்போனிலேயே எழுதினார். அவசரத்தில் கவிதையைப் பத்திரிகைக்கும் செய்தியை எனக்கும் அனுப்பிவிட்டார். நான் மட்டும் லேசுப்பட்டவளா? அளவு சரியா, படம் சரியா என்று பார்த்தேனே தவிர, எழுத்தைப் படிக்கவில்லை. பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

காலையில் பேப்பரைப் பிரித்த மணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கவிதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, யாரோ போனில் சொன்னதை வைத்து இரண்டே வரி போட்டிருந்தார்கள். குடிபோதையில் சைக்கிளிலிருந்து விழுந்து விவசாயி பலியாம். கருப்பன் வெற்றிலைகூடப் போடாத மனுஷன். செத்தவரைக் குடிகாரராக்கிவிட்டார்களே! பேனரில் என்ன போயிருக்கும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினோம். பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டியாகிவிட்டது. கருப்பன் படத்துக்குக் கீழே கவிதை இருக்கவேண்டிய இடத்தில் முழுச் செய்தி. பத்துப் பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். கருப்பனின் மனைவி சின்னப்பொண்ணு, படிக்கத் தெரியாதவள், புருஷன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மாத்தி வந்துடுச்சி. கழட்டிட்டு வேற போட்டுட்றேன்" என்றார் மணி.

"இன்னா எழுதிகீது? படி" என்றாள் சின்னப்பொண்ணு.

மணி தயங்கித் தயங்கிப் படித்தார். பின்னால் வந்த வெள்ளைக் கார் கருப்பனை இடித்ததையும், நிற்காமல் போனதையும் எதிரே இருந்த டீக்கடைக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். எல்லாம் அதில் இருந்தது.

"பேப்பர்ல போட்டுகிறாங்களாமே, அந்த மாதிரி குடிச்சிட்டு வுழுந்தாருன்னு இல்லியே?"

"இல்லக்கா."

"அப்புறம் இன்னாத்துக்குக் கழட்ற? இங்கியே கெடக்கட்டும். பேப்பர் படிச்சவனுங்க பஸ் ஏற இங்கதான வருவானுங்க?"

மணி செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"படிச்சி முடிச்சிட்டியா?" என்றாள்.

கடைசியில் ஒரு வரி பாக்கி இருந்தது. ஆபீசுக்குப் போயிருந்தால் முதலில் அதைத்தான் வெட்டியிருப்பார்கள். நானே வெட்டியிருப்பேன். மணி குரலைத் தாழ்த்திப் படித்தார்.

"சைக்கிள் கேரியரிலிருந்து சாலையில் சிதறிய வேர்க்கடலையை, ஆம்புலன்ஸ் போன பிறகு, அவர் மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்."

அதுவரை கல் மாதிரி நின்றிருந்த சின்னப்பொண்ணு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கும் தாங்கவில்லை, அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"நா பொறுக்கினத யாருமே பாக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன், தம்பி" என்றாள். "வெதைக்குன்னு வாங்கினு வந்தாருப்பா."