முகம் தெரியும் படம்

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். என் பக்கம் சாயாமல் எழுத வருமா, தெரியவில்லை.

சண்டையிலிருந்து தப்பி வந்தவர்கள் எங்கள் தெருமுனையில் மூடிக்கிடந்த திரையரங்கில் தங்கியிருக்கிறார்கள். நாற்காலிகளைக் கழற்றியாயிற்று. தரை சரிவு. பிள்ளைகள் தூக்கத்தில் உருண்டு திரையடிக்குப் போய்விடுகின்றன. நேற்று மதியம் மருந்தும் கம்பளியும் ஏற்றிய லாரி வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் கயிற்றை அவிழ்க்கவில்லை.

“கைக்குழந்தையோட ஒரு தாய், முகம் தெரியணும், பின்னாடி கம்பெனி பேனர். போட்டோவைப் பார்த்து முதலாளி சரின்னாதான் இறக்கணும். என் கையில ஒண்ணுமில்லண்ணே.”

ஓட்டுநர் கெஞ்சியது முகாம் பொறுப்பாளரிடம். பொறுப்பாளருடைய கணீர்க் குரலுக்காக, அங்கே உதவிக்குப் போகும் நானும் அக்காவும் வைத்த பெயர் மைக் மாமா.

கைக்குழந்தை இருந்தது தையல்காரி ஒருத்தியிடம்தான். பழைய திரைச்சீலையை வெட்டிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள். குழந்தைக்கு அனலாய்க் காய்ச்சல். ஊர் மருந்துக்கடைகள் எல்லாம் காலி. இருந்தும் அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

“வேண்டாம் தம்பி. என் வீட்டுக்காரர் படையை விட்டு ஓடி வந்தவரு. என் மூஞ்சியைப் பார்த்தா அவரும் இங்கதான்னு மோப்பம் பிடிச்சுருவாங்க.”

“குழந்தையை இப்படிக் கொடு, நான் உட்கார்றேன்” என்றாள் என் அக்கா. தலையைக் கலைத்துக்கொண்டு பேனரடியில் உட்கார்ந்தாள். என் கைபேசியில் எடுத்து ஓட்டுநருக்கு அனுப்பினேன். அவர் முதலாளிக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது. ஓட்டுநர் கூச்சத்தோடு வாசித்தார்: “இந்தம்மா நல்லா சாப்பிட்ட மாதிரி இருக்கு. கஷ்டம் தெரியணும்.”

“நாலு நாள் பட்டினி கிடந்துட்டு வர்றேன், அதுவரைக்கும் லாரியை நிறுத்தச் சொல்லு.”

“ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடும்மா, போதும்” என்றார் மைக் மாமா.

அக்கா முயன்றாள். சிரிப்புதான் வந்தது. ஓட்டுநரும் திரும்பிக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்து அவள் மடியில் குழந்தை விறைத்தது. கண்கள் மேலே செருகின.

தையல்காரி ஓடி வந்து குழந்தையை வாங்கினாள். முகத்துத் துணியை விலக்கிக் கீழே போட்டாள். “எடுங்க.”

நான் கைபேசியைத் தாழ்த்தினேன்.

“எடுடா” என்றார் மைக் மாமா. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

எடுத்தேன். “இதுதான்” என்று பதில் வந்தது. கயிறு அவிழ்ந்தது. முதல் மருந்துப் புட்டி அவளுக்குத்தான் போனது. மாலைக்குள் குழந்தைக்கு வியர்த்து உடம்பு குளிர்ந்தது. அதற்குள் படம் ஊரெல்லாம் பரவி, முதலாளிக்குப் பாராட்டுகள் குவிந்துகொண்டிருந்தன.

“இதை அழிக்க முடியுமா தம்பி?” என்று கேட்டாள் தையல்காரி.

“என்கிட்ட இருக்கறதை அழிக்கலாம்க்கா.”

அவள் மடியிலிருந்த குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

காலையில் அவள் இடம் வெறுமையாகக் கிடந்தது. கம்பளியும் இல்லை.

“புருஷனும் பொண்டாட்டியுமா குழந்தையைத் தூக்கிட்டு விடியறதுக்குள்ளயே கிளம்பிட்டாங்களே” என்றார் பால்காரர், கேனை இறக்கியபடி.

அவர் வெளியே போன சற்று நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். கைபேசியில் நான் எடுத்த படத்தைக் காட்டி, இவள் எங்கே என்று கேட்டார்கள். படம் மிகத் தெளிவாக இருந்தது. மைக் மாமா தெரியாது என்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

வாசலில் பால்காரர் கேன்களை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் அவரிடம் படத்தைக் காட்டினார்கள். நான் கத்தியிருக்கலாம். அவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவருடைய கை ஆற்றுப்பாலத்துச் சாலைப் பக்கம் நீண்டது.