வருகை ஏட்டில் ஏறாத மூச்சு

கற்றறிந்தவரே, கேளுங்கள்! சுண்ணக்கல் மலைகள் தோளோடு தோள் உரசி நிற்க, அவற்றின் அடியில் மெலிந்தோடும் ஆறு உச்சிவெயிலைத் தாங்கிப் பளபளக்க, காற்றும் களைத்து அசைவற்றுக் கிடந்த நண்பகல் அது. மலைச்சரிவில் குகைவாயை அடைத்து ஓர் இரும்புக் கதவு. அதன் அருகே ஒற்றை அறை. குகையின் வெப்பத்தையும் ஈரத்தையும் மூச்சில் வெளிவரும் கரிவளியையும் கோடாக வரைந்து காட்டும் திரையின் முன் அமர்ந்திருந்தாள் குகைக் காவலாட்டி.

எழுத்துப் பிறவாத நாளில் வாழ்ந்தோர் செங்காவி குழைத்துத் தீட்டிய பசுவும் கன்றும் அக்குகையின் கடைச்சுவரில் இருந்தன. அவற்றை அழியாது காப்பதே அவள் தொழில். ஒரு திங்களுக்கு முன் கன்றின் கண்ணருகே கடுகளவு வெண்பூஞ்சை முளைத்தது. அன்றுதொட்டு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாந்தர் மூச்சின் ஈரமும் உடலின் சூடும் பூஞ்சையை வளர்க்கும் என்பதால், வருவோர் அனைவரையும் வாயிலிலேயே திருப்பியனுப்பினாள். ஆயினும் திரையில் கோடு ஏறியது. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் தாயைப்போல் உள்ளே ஓடிப் பார்த்தாள். பார்த்துத் திரும்பினால் கோடு இன்னும் ஏறியிருந்தது. மலையே விரிசல் விட்டு வெளிக்காற்றை உள்ளிழுக்கிறதோ என்று எண்ணி மீண்டும் உள்ளே ஓடினாள்.

அன்றும் சாவியோடு எழுந்தவளை, எதிர்மேசையில் அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்த அவள் தங்கை தடுத்தாள்.

"அக்கா, கொஞ்சம் உக்காரு. முந்தாநேத்து நீ காய்ச்சல்ல வீட்டுலயே கெடந்தியே, அன்னிக்குக் கோடு ஏறவே இல்ல."

"கருவி கெட்டுப்போயிருக்கும்."

"கருவி நல்லாத்தான் இருக்கு. வருகைப் புத்தகத்துல என்னிக்காவது உன் பேர எழுதியிருக்கியா?"

"நான் என்னடி விருந்தாளியா, பேர் எழுத?"

"ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவ உள்ள போற. நீயும் மூச்சு விடுறவதானே அக்கா?"

வந்தவர் என்றால் பிறரே. காவல் செய்வோர் வந்தவராகார் என்பது அவ்விடத்து வழக்கம். அவ்வழக்கத்தை ஐயுறாதவளாய், ஒரு திங்களாகத் தன் அச்சத்தையே சூடாகவும் ஈரமாகவும் கன்றின் முகத்தில் ஊதி வந்திருக்கிறாள். அறிந்த கணமே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் புள்ளி பெருசாயிருந்தா என்னடி பண்றது? ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேனே!"

தங்கை சாவிக்காகக் கையை நீட்டினாள். காவலாட்டி அந்தக் கையில் சாவியை வைத்தாள்.

"மூணு மாசத்துக்கு நான் அழுதாலும் குடுக்காத."

திரையில் கோடு மெல்ல இறங்கலாயிற்று. பூஞ்சை கன்றின் கண்ணை மூடிவிட்டதோ, கடுகளவிலேயே நின்றதோ, அவள் அறியாள். அறியாமல் அஞ்சிக்கொண்டே வெளியில் இருப்பதுதான் இனி அவளுடைய காவல்.