காலடி படாத பனி

இர்மா கங்காஸ் யாரையும் நம்பமாட்டாள். தேவாலயத்தில் ஜெபத்துக்குக் கண்ணை மூடும்போதுகூட, கைப்பையின் வாரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் மூடுவாள்.

அப்படிப்பட்டவள் இந்தக் குளிர்காலத்தைத் தங்கை ஐலியோடு ஃப்ளோரிடாவில் கழிக்க ஒப்புக்கொண்டதே அதிசயம். கணவன் ரெய்னோ போன வசந்தத்தில் இறந்துவிட்டான். மிஷிகனின் வடக்கு முனையில், ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டும் பனியை ஒற்றை ஆளாக அள்ளிப்போட அவளுக்குத் தெம்பில்லை. ஆனால் வீட்டை எப்படி விட்டுவிட்டுப் போவது? வீடுகூடப் பரவாயில்லை, படுக்கையறை அலமாரியில் அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியம் இருந்தது. ரெய்னோவின் அப்பா ஃபின்லாந்திலிருந்து கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. சனிக்கிழமை தவறாமல் ரெய்னோ அதை வாசிப்பான். அவன் நினைவாக அவள் பொத்திவைத்திருந்தது அதைத்தான்.

கதவுகளுக்குப் புதுப் பூட்டுப் போட்டாள். பொழுது சாய்ந்தால் தானே எரிந்து தானே அணையும் விளக்குகளை வைத்தாள். ‘நாய் ஜாக்கிரதை’ என்று ஒரு பலகையும் மாட்டினாள். நாய் செத்துப் பல வருஷம் ஆகிறது. வாசலில் அழைப்பு மணியோடு சேர்ந்த கேமரா, யார் வந்தாலும் ஃப்ளோரிடாவில் அவள் போன் கிணுகிணுக்கும். பின்வாசலுக்கும் ஒன்று வைக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டார்.

“பின்னாடி ஏரிதானே இருக்கு. மீனா வந்து திருடப்போகுது?” என்று வாயை அடைத்துவிட்டாள்.

வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அந்த ஊர் வழக்கம். இர்மாவோ பக்கத்து வீட்டு வெர்னனிடம் மூச்சுக்கூட விடவில்லை. ரெய்னோவை அடக்கம் செய்த அன்று, கையில் காபிக் கோப்பையோடு அந்த மனிதர் கேட்டது அவள் காதிலேயே நின்றது. “இர்மா, அந்த அக்கார்டியனை என்ன பண்ணப்போறீங்க?” புதைத்த மண் காயவில்லை, அதற்குள் பொருள்மேல் கண்!

பழைய கணக்கு ஒன்றும் இருந்தது. ரெய்னோ குளிர்காலக் காலைகளில் பூட்ஸை மாட்டிக்கொண்டு, “வெர்னன் வீட்டுப் பக்கம் போயிட்டு வந்துடறேன்” என்று கிளம்புவான். வெர்னன் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில் கட்டாயம் போவான். ஆளில்லாத வீட்டில் இவனுக்கு என்ன வேலை? கொட்டகையில் விஸ்கி ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று அவளே முடிவுகட்டி, பழியை வெர்னன் தலையில் போட்டிருந்தாள்.

ஃப்ளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஊரில் நல்ல பனி விழுந்தது. மறுநாள் காலை போன் கிணுகிணுத்தது.

“ஏய் ஐலி, இங்க வா! வந்துட்டான் பாரு!”

திரையில் வெர்னன். நேராக வாசலுக்கு வந்து கதவுப் பிடியைத் திருகிப் பார்த்தார். படுக்கையறை ஜன்னலில் கையைக் குவித்துவைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். வீட்டின் ஒரு பக்கமாகப் போய் மறைந்து மறுபக்கமாக வெளியே வந்தார்.

“எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாத்திருப்பார், அக்கா.”

“நான் ஊர்ல இல்லைன்னு அவன்கிட்ட யாரு சொன்னா?”

“சொல்லணுமா என்ன? புகைபோக்கில புகை வரலைன்னா தெரியாதா?”

“அதத்தான் நானும் சொல்றேன். நோட்டம் பாத்துட்டுத்தான் வந்திருக்கான்.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பனி விழ விழ வெர்னன் வந்தார். ஒருநாள் தன் டிரக்கைக் கொண்டுவந்து அவள் முற்றத்தில் நிறுத்திவிட்டு, சும்மாவே திரும்ப எடுத்துக்கொண்டு போனார். “சாமான் ஏத்த எடம் பாக்குறான்டி” என்றாள் இர்மா. அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. கடற்கரைக்குக் கூட்டிப்போனால் அங்கேயும் போனைத்தான் பார்த்தாள்.

“கடலைப் பாரு அக்கா, எவ்வளவு அழகா இருக்கு!”

“கடலை யாரும் தூக்கிட்டுப் போகமாட்டான்.”

கடைசியில் ஊர்க் காவல் அதிகாரிக்கு போன் போட்டாள். அவர் போய் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

“பேசிட்டேம்மா. அவங்களுக்குப் பிடிக்கலைன்னா இனிமே அந்தப் பக்கம் கால் வைக்கமாட்டேன்னுட்டார்.”

“எதுக்கு வந்தானாம்?”

“கேட்டேன். ‘அவங்களுக்கே தெரியலைன்னா விட்டுடுங்க’ன்னார். அதுக்கு மேல வாயைத் திறக்கல.”

“எப்படித் திறப்பான்? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சிருப்பான்.”

அதோடு போன் அடங்கிவிட்டது. எப்போது திறந்து பார்த்தாலும் வாசலில் வெள்ளை வெளேரென்று பனி, ஒரு கோடு ஒரு குழி கிடையாது. நிம்மதியாக இருந்தது. அன்றைக்குத்தான் இர்மா முதன்முதலாகக் கடலில் கால் நனைத்தாள்.

பிறகு அதே அதிகாரி மறுபடி கூப்பிட்டார். உறைந்த ஏரிமேல் பனி வண்டியில் வந்திருக்கிறார்கள். பின்கதவை உடைத்து டிவி, வேட்டைத் துப்பாக்கி, அக்கார்டியன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அது வேற்றூர்க் கும்பல் என்றும், அந்தக் கரையில் ஆளில்லாத வீடுகளாகப் பார்த்துக் கைவைக்கிறார்கள் என்றும் சொன்னார்.

இர்மா அலறிப்புடைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். அதிகாரி வீட்டில் காத்திருந்தார்.

“பூட்டு இருந்துச்சே! விளக்கு எரிஞ்சுச்சே! ஆளில்லைன்னு அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?”

“விளக்கு எரிஞ்சா போதுமாம்மா? ரோட்டுப் பக்கமும் சரி, ஏரிப் பக்கமும் சரி, ஒரு காலடி கிடையாது. பனியே காட்டிக் குடுத்துடுச்சு. முன்னாடியெல்லாம் இங்க தடம் இருக்கும், நானே ரோந்து வரப்போ பாத்திருக்கேன். டிரக் வந்துபோன தடம்கூட இருக்கும். கொஞ்ச நாளாத்தான்...” அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

காலி அலமாரியைப் பார்த்தபடி இர்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காவல் காத்தவனை நாமே போலீஸை விட்டுத் துரத்தியிருக்கிறோம் என்று இப்போதுதான் புரிந்தது.

மறுநாள் ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வெர்னன் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலிலும் இப்போது அழைப்பு மணியோடு சேர்ந்த கேமரா ஒன்று இருந்தது. அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

“நீங்களுமா கேமரா வெச்சீங்க?”

“மக வெச்சுட்டுப் போனா. அடுத்த தடவை போலீஸ் வந்தா, நான் என் வீட்லதான் இருந்தேன்னு காட்டணும்ல?”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வெர்னன்.”

“என்னன்னு சொல்ல? நான் ஊர்ல இல்லாதப்பல்லாம் ரெய்னோ வந்து என் வீட்டைச் சுத்தி நடப்பான், ஆள் இருக்கிற மாதிரி தெரியட்டும்னு. இருமிக்கிட்டே வந்து நடப்பான். அது உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்.”

“அப்ப... அந்த விஸ்கி?”

“எந்த விஸ்கி?”

இர்மா தலையைக் குனிந்துகொண்டாள். “அக்கார்டியனை ஏன் கேட்டீங்க?”

“யாருக்காவது குடுத்தா, இங்க பக்கத்துல வாசிக்கிறவங்களாப் பாத்துக் குடுங்கன்னு சொல்ல வந்தேன். சனிக்கிழமையானா ஜன்னலைத் திறந்து வெச்சுக் கேட்ட ஆளு நான்.”

ரொட்டியை வாங்கிக்கொள்ளாமலே கதவைச் சாத்திவிட்டார்.

ஈஸ்டர் வந்தது, குளிர் விடவில்லை. ஒருநாள் காலையில் வெர்னன் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை, டிரக்கும் இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார். இர்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்தா? விழுந்த பனி அவர் வாசலில் கலையாமல் கிடந்தது.

ரெய்னோவின் பூட்ஸை எடுத்து, கால் ஆடாமலிருக்கத் தடித்த காலுறைகளைப் போட்டு மாட்டிக்கொண்டாள். ரோட்டிலிருந்து வாசல்வரை அழுத்தி மிதித்து நடந்தாள். கதவுப் பிடியைத் திருகிப் பார்த்தாள், பூட்டியிருந்தது. ஜன்னலில் கையைக் குவித்துவைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“யாரது? அங்க என்ன பண்றீங்க?” மகள் வீட்டிலிருந்து போனில் பார்த்துவிட்ட வெர்னனின் குரல் அழைப்பு மணிக்குள்ளிருந்து அதட்டியது.

இர்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான்தான் வெர்னன். இர்மா.”



“போலீஸைக் கூப்பிடலாமா வேணாமான்னு யோசிக்கிறேன்.”

“கூப்பிடுங்க. எனக்கு நல்லா வேணும்.”

பிறகு குரல் கொஞ்சம் தணிந்து வந்தது. “கால்ல யாரோட பூட்ஸு?”

“ரெய்னோவோடது.”



“பின்பக்கமும் ஒரு சுத்துப் போயிட்டு வந்துடுங்க. ஏரிலேர்ந்து பாத்தா அதுதான் தெரியும்.”

“சரி” என்றாள் இர்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூட்ஸை இழுத்து இழுத்துப் பின்பக்கம் நடந்தாள்.