கூரையில் நடந்த பாடம்

இனப்பெருக்கப் பாடத்தைத் தொடங்கிய அறிவியல் ஆசிரியை, இரண்டு வாக்கியம் முடிவதற்குள் தரையை விட்டுக் கிளம்பி, கூரையில் தலை முட்டி நின்றார். மின்விசிறி பழுதாகிக் கிடந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. வெட்கத்தில் அவர் வாயை மூடிக்கொள்ள, காலில் கயிறு கட்டி இழுத்து இறக்கினார்கள். அதுவரை அந்தப் பள்ளியில் அந்தப் பாடம் வந்தால் "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவதே வழக்கம். அப்படிச் சொன்ன யாருக்கும் கால் எழும்பியதில்லை. இப்போது கல்வித்துறை அதைக் கட்டாயமாக்கிவிட்டது. கணக்கு ஆசிரியர் இடுப்பில் மணல்மூட்டை கட்டிக்கொண்டு முயன்றார், மூட்டையோடு போனார். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் மேசையைப் பிடித்துக்கொண்டு விளக்கப்போக, மேசையும் தேநீர்க் கோப்பைகளும் உடன் சென்றன. "இதுக்குத்தான் இந்தக் கண்றாவி வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டோம்," என்றார் ஒரு தகப்பனார், அண்ணாந்து பார்த்து. பள்ளி எழுதிக் கேட்டதற்கு, மின்விசிறிகளை அணைத்துவிட்டுப் பாடத்தைத் தொடரலாம் என்று துறை பதில் அனுப்பியது.

ஓவிய ஆசிரியர் இதில் பட்டுக்கொள்ளவில்லை. மனைவி ரத்தப்போக்கில் இறந்த பிறகு அவர் எதிலுமே பட்டுக்கொள்வதில்லை. வகுப்பில் பானை வரையச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய மகள் ஏழாம் வகுப்பு. ஒரு நாள் காலையில் அவள் தன் வண்ணப் பென்சில்களையும் புதுச் செருப்பையும் பக்கத்து வீட்டுத் தோழிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"செருப்பு எங்கடி?"

"எனக்கு இனிமே எதுக்குப்பா? அம்மாவுக்கு வந்த மாதிரியே ரத்தம் வருது. நீங்க தனியா சமைச்சுச் சாப்பிட்டுக்குவீங்கல்ல?"

அவர் அடுப்பை அணைத்தார். "அத்தைகிட்ட கேட்டுக்கோ" என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, சொல்லத் தொடங்கினார். கருப்பை என்றபோது கால் எழும்பியது. நிறுத்தவில்லை. கூரையில் தலை முட்டியபடியே, அம்மாவுக்கு வந்தது எது, இது எது என்று பிரித்துச் சொன்னார்.

"அப்ப நான் சாகமாட்டேனா?"

"மாட்டடி கண்ணு."

"சரி, எறங்குங்கப்பா. பயமா இருக்கு."

"இரும்மா. இன்னும் பாதி இருக்கு."

அவள் கேட்கக் கேட்கச் சொன்னார். பையன்களுக்கு என்ன ஆகும் என்றும் கேட்டாள், அதையும் சொன்னார். கடைசிக் கேள்விக்குப் பதில் முடிந்ததும், யாரும் இழுக்காமலே அவர் பாதங்கள் தரைக்கு வந்தன. பாதியில் வாயை மூடியவர்கள்தான் மேலேயே மாட்டிக்கொண்டார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் செருப்பைத் திரும்ப வாங்கப் போனாள்.

அதன்பின் அந்தப் பாடம் ஓவிய ஆசிரியருடையதாயிற்று. படங்களைக் கூரையிலேயே வரைவார். பிள்ளைகள் பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கேட்பார்கள். வீட்டுக்குப் போய் அங்கேயும் கேள்வி கேட்டார்கள். சில ஆண்டுகளில், மாலையில் தெருவில் நடந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் பெற்றோரின் முழங்கால்கள் தெரிந்தன. "உங்க வீட்ல எறங்கியாச்சா?" "அம்மா எறங்கிட்டாங்க. அப்பா இன்னும் முதல் வரியிலயே இழுத்துக்கிட்டிருக்காரு." தலையெண்ணெய்க் கறை எதற்கும் போவதில்லை என்பதால், இப்போது அங்கே கூரைக்கு மட்டும் அடர்நிறம் பூசுகிறார்கள். பழுப்பு நன்றாக விற்கிறது.