கொண்டைக்குருவியும் குளவிக்கூடும்

எங்கள் வீட்டில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் கிடக்கின்றன. ஒன்றுகூட நாங்கள் காசு கொடுத்து வாங்கியதில்லை. எல்லாம் என் மகள் நிஷாலினிக்கு ஆட்கள் கொடுத்தவை. ஒன்றில் நீல நிற யானைக்குட்டி, இன்னொன்றில் காது மடங்கிய முயல், பிறகு கோணல் மரம், புள்ளியில்லாத மான். படம்தான் வேறு, கதை ஒன்றேதான். முதலில் மற்றதுகள் சிரிக்கும், இது அழும், நடுவில் யாராவது வந்து புத்தி சொல்வார்கள், கடைசியில் எல்லாரும் கைதட்டுவார்கள். புத்தகம் கொடுக்கிறவர்களும் என் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

நிஷாலினிக்குப் பிறவியிலேயே தோலில் நிறம் இல்லை. தலைமுடி, கண்ணிமை எல்லாமே வெள்ளை. நானும் என் மனைவி கிருஷாந்தியும் நல்ல கறுப்பு. வெயில் ஆகாது, கண்பார்வை குறைவு, மற்றபடி பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று பதுளையில் டொக்டர் விளக்கமாகச் சொன்னார். அதனால் முழுக்கைச் சட்டை போடுவாள், வகுப்பில் முன் வாங்கில் உட்காருவாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதலில் 'வெள்ளச்சி' என்றார்கள். பிறகு அதுவும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். ஒளித்துப் பிடித்து விளையாடும்போது தேயிலைக்குள் தலை பளிச்சென்று தெரிந்துவிடும் என்பதால் அம்மாவின் கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு ஒளிவாள். ஒன்பது வயது. வாய் மட்டும் அப்படியே என்னுடையது.

நான் லுணுகலை டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறேன். மகளைக் கூட்டிப்போனால், "வெளிநாட்டுப் புள்ளையா?" என்று கேட்பவர்கள் உண்டு. "ஆமா, கப்பல்ல வந்து இறங்குச்சு" என்பேன். அவளே சிரித்துவிடுவாள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சேர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர் அற்புதமலர் டீச்சர். மகளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று முதலில் கண்டுபிடித்தவரே அவர்தான். கிளினிக்குக்கு அவரே கூட்டிப்போய், அலைந்து திரிந்து, கண்ணாடி போட வைத்தார். அவர் கேட்டு நான் இல்லையென்று சொல்ல முடியாது. சொன்னால் நான் மனிதனே இல்லை.

வருடத்தில் ஒரு நாள் எங்கள் சேர்ச்சில் சிறுவர் ஞாயிறு வரும். அன்றைக்கு ஆராதனை முழுக்கப் பிள்ளைகள் கையில். மணி அடிப்பது, காணிக்கை எடுப்பது எல்லாம் அவர்கள்தான். போதகர் ஐயர் பிரசங்கம் செய்யமாட்டார். அந்த இடத்தில் ஒரு பிள்ளை கதை சொல்லும். அது யாருடைய பிள்ளை என்பதில் தாய்மாருக்குள் ஒரு வாரத்துக்கு முகம் திருப்பல் எல்லாம் நடக்கும்.

இந்த வருடம் டீச்சர் டவுனில் என் த்ரீவீலிடமே வந்துவிட்டார்.

"றோய், இந்த தடவ கதை உங்க நிஷாலினிதான் சொல்லணும். அவளுக்குன்னு நானே எழுதியிருக்கேன்."

"சந்தோசங்க டீச்சர், சொல்லச் சொல்றேன்" என்றேன். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மேட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டியை ஏற்றினேன்.

கதை இதுதான். ஒரு மரத்தில் ஒரு வெள்ளைக் கொண்டைக்குருவி. மற்றக் குருவிகள் கேலி செய்கின்றன. குருவி அழுகிறது. பிறகு தண்ணீரில் தன் நிழலைப் பார்த்து, கடவுள் தன்னை இப்படித்தான் படைத்தார் என்று தெரிந்துகொள்கிறது. கடைசியில் கதை சொல்லும் பிள்ளை இரண்டு கையையும் விரித்து, 'நான் வேறுபட்டவள், நான் அழகானவள்' என்று சொல்ல வேண்டும்.

எனக்குப் படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. மகள் டீச்சர் தந்த தாளைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் படித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இது நாந்தானேப்பா?"

"குருவிம்மா."

"குருவி கைய விரிச்சு இப்பிடிச் சொல்லுமா?"

நான் தாளை எடுத்து மடித்தேன்.

"இந்தக் குருவி கதை முழுக்க வெள்ளையா மட்டுந்தான் இருக்கு. வேற ஒரு வேலையும் செய்யல. நான் சேர்ச்சுக்கு வரல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டீச்சர் உனக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க? அவங்க மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது?"

"அதுக்காக நான் அழகுன்னு நானே எல்லாருக்கும் முன்னால சொல்லணுமா? அவங்க என்னையப் பாத்து அழுவாங்க. எனக்கு வெக்கமா இருக்குப்பா."

அழாமல்தான் சொன்னாள். அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன்.

அடுப்படியில் இருந்து கிருஷாந்தி, "கேட்டது ஒங்ககிட்ட, சரின்னது நீங்க. நீங்களே ஏறி நின்னு அழகா இருக்கேன்னு சொல்லிட்டு வாங்க" என்றாள்.

சனிக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனேன், முடியாது என்று சொல்லிவிட. டீச்சர் வெள்ளைத் துணியில் இறக்கை தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதைத் தூக்கிக் காட்டி, "அளவு சரியா இருக்கும்ல?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

"சொல்ல முடியலம்மா" என்றேன் மகளிடம்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாவம் என்று நினைத்திருப்பாள். "குருவிக் கதை சொன்னாப் போதும்தானே?"

"போதும்."

"சரி, சொல்றேன். ஆனா ரெக்கை போட மாட்டேன்."

சேர்ச் நிறைந்திருந்தது. இறக்கை முன்வரிசை வாங்கின் மேலேயே கிடந்தது. முன்வரிசையில் டீச்சர் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். நிஷாலினி முக்காலியில் ஏறினாள். கையில் தாள் இல்லை.

"ஒரு தேயில மரத்துல ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி முட்டை போட்டிருந்துச்சு. ஒரு நாளு அங்க ஒரு சாரைப்பாம்பு வந்துச்சு."

டீச்சர் கைலேஞ்சியை இறக்கினார். அவர் எழுதியதில் முட்டையும் இல்லை, பாம்பும் இல்லை.

"குருவி கீழ எறங்கி, ஒரு ரெக்கை ஒடஞ்ச மாதிரி இழுத்து இழுத்து நடந்துச்சு. பாம்பு பாத்துச்சு. முட்டைய விட குருவி பெருசுதானே. முட்டைய விட்டுட்டுக் குருவி பின்னாலயே போச்சு. குருவி ஒரு தேயில நெரையத் தாண்டுச்சு, பாம்பும் தாண்டுச்சு. இன்னொரு நெரையத் தாண்டுச்சு. அங்க ஒரு மரத்தடியில..."

நிறுத்தினாள். என் மகள் வேண்டுமென்றே நிறுத்தினாள்.

"குளவிக்கூடு."

பெண்கள் பக்கம் முழுக்க மூச்சை இழுத்தது. குளவியிடம் கொட்டு வாங்காமல் மலையில் கொழுந்து எடுத்தவர்கள் அங்கே யார் இருக்கிறார்கள்? கிருஷாந்தியே போன வருடம் முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவள்தான். பின்வரிசையில் ஓர் அக்கா, "அசையாம இரு" என்று குருவிக்கே புத்தி சொன்னார். ஆனால் குருவி அசைந்தது. இறக்கையைச் சரியாக விரித்து விருட்டென்று மேலே பறந்தது. பின்னால் வந்த வேகத்தில் பாம்பு தலையைக் கொண்டுபோய்க் கூட்டுக்குள் விட்டது. பாம்பு எப்படி நெளிந்தது, எப்படித் தண்ணீர்க் கானுக்குள் உருண்டு ஓடியது என்று நிஷாலினி செய்து காட்டினாள். சின்னப் பிள்ளைகள் வாங்கில் ஏறி நின்று பார்த்தார்கள். ஐயர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"குருவி திரும்பிப் போயி முட்டை மேல உக்காந்துக்கிச்சு. கதை முடிஞ்சது."

இறங்கிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பேசிய நேரம் முழுக்க யாரும் அவளைப் பார்க்கவில்லை. பாம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் பிறந்த நாளில் இருந்து அப்படி ஒரு நேரத்தை நான் கண்டதில்லை. அந்தச் சேர்ச்சில் அன்று அழுதது நான் ஒருவன்தான்.

வெளியில் பிள்ளைகளுக்குத் தின்னப் பணிஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் எங்களிடம் வந்தார். கோபம் என்று சொல்ல முடியாது, ஆனால் முகம் வாடியிருந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து தைத்தவர்தானே. எனக்குக் கூச்சமாக இருந்தது.

"நல்லாத்தான் சொன்ன. ஆனா முக்கியமானத விட்டுட்டியேம்மா."

"எதை டீச்சர்? குளவியக்கூடச் சொன்னேனே."

"அது வெள்ளைக் குருவின்னு நீ சொல்லவே இல்லையே."

நிஷாலினி பணிஸை மென்று விழுங்கினாள்.

"வெள்ளைதான் டீச்சர். நீங்க எழுதின அதே குருவிதான். ஆனா அன்னைக்கு அதுக்கு முட்டையப் பாக்கத்தான் நேரம் இருந்துச்சு."

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, மெதுவாக, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"முட்டை பொரிச்சுச்சா?"

"ரெண்டு பொரிச்சுச்சு" என்றாள் நிஷாலினி. "ஒன்னு கூமுட்டை."