சுப்பாத்தாளின் சவாசனம்

1

இக்கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1996ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை மாலை. காரமடையில் எங்கள் அடுத்த வீட்டில் குடியிருக்கும் சுப்பாத்தாள் என் மனைவியிடம் எதையோ சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கணவரிடம் அடிபட்டு வரும் பெண்களுக்குத் துணைநிற்கும் மையம் ஒன்றில், கோவை ஆர்.எஸ்.புரத்தில், அவருக்கு வேலை. காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் உடன் செல்வார். பெரும்பாலும் உட்கார்ந்து கேட்பார்.

முதல் தொடக்கம்: ‘ஓர் ஊரில் ஒரு கிணறு இருந்தது. எல்லோரும் தம் துயரை அதில் எறிந்துவிட்டு’

(இதை அடித்துவிட்டேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொன்னவன். எவரைக் கண்டாலும் கிணறாகவோ நரியாகவோ ஆக்கிவிடுவேன். படித்துக் காட்டியபோது சுப்பாத்தாள் சொன்னார்: “கெணறெல்லாம் வேண்டாமுங்க வாத்தியாரே. கெணத்துக்குச் சாயங்காலம் ஊட்டுக்கு வந்து கொழம்பு வெக்கற வேலை இல்லீங்க.”)

2

ஆகவே, கிணறு இல்லாமல்: சுப்பாத்தாள் வேலையை விட முடிவுசெய்திருந்தார்.

“ஏன் அம்மணி?” என்று என் மனைவி கேட்டிருக்கிறாள்.

“ஒரு பொண்ணு எம்முன்னால அழுதுட்டிருந்தாளுங்க்கா. நானு, கொண்டுபோன சோறு ஊசியிருக்குமோன்னு நெனச்சுட்டிருந்தனுங்க. அவ போனதுக்கப்புறம் என்ன சொன்னான்னே நெனப்பில்லீங்க. எனக்கு அங்க என்னுங்க வேலை?”

அந்தப் பெண் திங்கட்கிழமை மீண்டும் வருவதாக இருந்தாள். சுப்பாத்தாளைத் தவிர வேறு யாரிடமும் அவள் வாய் திறப்பதில்லை. இருந்தும், அந்தச் சனிக்கிழமை பகலில் மையத்தில் பணியாளர்களுக்கு நடக்கவிருந்த யோகா வகுப்பு முடிந்ததும் ‘நின்றுகொள்கிறேன்’ என்று சொல்லிவிடுவது சுப்பாத்தாளின் திட்டம்.

3

யோகா ஆசிரியை பங்காரம்மாவை முதலில் கர்வியாக எழுதியிருந்தேன். (சுப்பாத்தாள் மறுத்தார்: “நல்ல மனுசிங்க. பாவம், எங்களப் பத்தித் தெரியாது.” திருத்திவிட்டேன்.) அவர் பாய்களை வரிசையாக விரித்திருந்தார்; தலைமாடு கதவுப் பக்கம். பணியாளர்களான ஐந்து பெண்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே பாயைத் திருப்பிப்போட்டனர். அவர் பழையபடி திருப்பினார். படுத்தார்கள். சவாசனம்.

“கண்ணை மூடுங்க.”

ஒருவரும் மூடவில்லை.

“ஏனுங்க, கண்ணு மூடறதுக்கா இத்தனை கஷ்டம்?”

“கதவு தெரியலீங்க” என்றார் சுப்பாத்தாள். “போன ஆடியில ஒருத்தன், பொண்டாட்டி எங்கேன்னு கல்லெடுத்துட்டு மாடிக்கே ஏறி வந்துட்டானுங்க. அப்பறமா நாங்க கதவுக்கு முதுகு காட்டி உக்கார்றதில்லீங்க.”

பங்காரம்மா விரைந்து எழுந்தார். கதவைச் சாத்தித் தாழிட்டார். அன்பினால்தான். தாழ் விழுந்த ஓசையில் ஐவரும் எழுந்து உட்கார்ந்துவிட்டனர்.

“அதைத் தொறந்துபோடுங்க” என்றார் சுப்பாத்தாள். “தாப்பாளுக்கு உள்ள நடந்ததத்தானுங்க நாங்க நித்தமும் கேக்கறோம்.”

இங்கே ஆசிரியைக்கு ஒரு நல்ல உரை எழுதலாமென்று மூச்சைப் பற்றியும் மனத்தைப் பற்றியும்

வேண்டாம். அவர் செய்தது இவ்வளவுதானாம்: தாழைத் திறந்தார். ஒரு நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு, படிக்கட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

“நா பாத்துக்கறேன். நீங்க மூடுங்க.”

“நீங்க யோகா செய்யலீங்களா?” என்றார் சுப்பாத்தாள்.

“இதுதானுங்க இன்னிக்கு என் யோகா. பேசாம படுங்க.”

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். சிரிப்பு அடங்கியபோது சுப்பாத்தாள் தூங்கியிருந்தார், குறட்டை வேறு. மற்றவர்கள் பாயைச் சுருட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினர்.

4

முடிவுகள் சில வரைந்து பார்த்தேன்.

அ. படிக்கட்டில் காலடி ஓசை. (இல்லை. இந்தக் கதையின் படிக்கட்டு என் அதிகாரத்தில் இருக்கிறது; ஒருவரையும் ஏறவிடேன்.)

ஆ. விழித்தார், வேலையை விட்டு விலகினார். பழுதில்லை, அவருக்கு அந்த உரிமை உண்டு.

இ. விழித்தார், திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் எதிரே அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும்

திங்கட்கிழமை நடந்தது எனக்குத் தெரியும், அடுத்த வீடுதானே. ஆனால் அதை எழுதுவதற்கு முதலில் சுப்பாத்தாளை எழுப்பியாக வேண்டும். அது என்னால் ஆகாது. முடிவு வேண்டுகிற வாசகர் தாமே எழுப்பிக்கொள்ளலாம். வாசலில் பங்காரம்மா உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.